நூறைத் தாண்டாத நெட்டு

மெட்டுகுடாவில் தேவராஜ் வீடு எது என்று கேட்டால், ஒயர் தொங்காத வீடு என்று கை காட்டுவார்கள். அந்தச் சந்தில் மற்ற வீட்டு முகப்புகளில் கேபிள் ஒயர், கரண்ட் ஒயர், நெட் ஒயர் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடக்கும். அதில் துண்டு காயப்போடுகிறவர்களும் உண்டு. தேவராஜுக்கு மட்டும் வீட்டில் ஒரு சாண் ஒயர் வெளியே தெரிந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. ரயில்வேயில் டெலிபோன் லைன் பார்த்தே தலை நரைத்த மனுஷன். ரிட்டயர் ஆகிப் பென்ஷன் வாங்கத் தொடங்கிய பிறகும் கை சும்மா இருக்கவில்லை. அக்கம்பக்கத்தில் யார் வீட்டு காலிங்பெல் அழுதாலும் இவர் ஸ்க்ரூ டிரைவரோடு போய் நிற்பார். கூப்பிட்டார்களா இல்லையா என்பதெல்லாம் வேறு விஷயம்.

இவருடைய தாத்தா ஆர்க்காட்டுப் பக்கமிருந்து லாலாகுடா ஒர்க்‌ஷாப்புக்கு இரும்படிக்க வந்தவர். அப்பாவும் அதே ஒர்க்‌ஷாப். தேவராஜ்தான் குடும்பத்தில் முதன்முதலாகக் கையில் கரி படாத வேலைக்குப் போனவர். வீட்டில் பேசுவது தமிழ்தான், ஆனால் நடுவில் இந்த ஊர் உருதில் ஆமாவுக்கு ஒரு ‘ஹவ்’, வேண்டாமுக்கு ஒரு ‘நக்கோ’, ஏனுக்கு ஒரு ‘கைக்கு’ விழாமல் வாய் மூடாது. மகன் சுனிலைக் கட்டிக்கொண்டு கோயம்புத்தூரிலிருந்து வந்த சுபாஸ்ரீ, முதல் மாதம் மாமனார் பேச்சில் பாதியைச் சிரித்தே சமாளித்தாள். அவளுடைய ‘ஏனுங்க மாமா’வைக் கேட்டு இவரும் சிரித்தார். அப்படித்தான் இரண்டு பேருக்கும் ஒத்துப்போயிற்று.

சுனிலுக்குப் பட்டான்செருவில் மருந்துக் கம்பெனி வேலை. காலை ஷிஃப்ட் என்றால் இருட்டோடு கிளம்ப வேண்டும். பஸ், அப்புறம் ஷேர் ஆட்டோ, அப்புறம் நடை. ஊரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு. சுபாஸ்ரீயின் ஆபீஸ் இருப்பது கொண்டாப்பூர் பக்கம். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் ஸ்கேன் படங்களைச் சரிபார்த்து டாக்டர்களுக்குப் பிரித்து அனுப்புகிற வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம் என்று விட்டிருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்பு தன் சம்பளத்தில் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்பை ஊரிலிருந்து கொண்டுவந்து, பின்னறையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அது முன்பு மாமியார் காஞ்சனா அரிசி மூட்டையும் பழைய டிரங்குப் பெட்டியும் போட்டு வைத்திருந்த அறை.

அவளுக்காகத்தான் முந்நூறு வேக நெட் கனெக்‌ஷன் எடுத்தார்கள். கம்பெனி ஆள் வந்து ஹாலில் பெட்டியை மாட்டினான். அங்கிருந்து பின்னறைக்கு, சுவரின் குறுக்கே, வாசக்கால் தலைக்கு மேலே ஆணியடித்து ஒயரை இழுத்துவிட்டுப் போனான். டெஸ்ட் போட்டுப் பார்த்தால் இருநூற்றுத் தொண்ணூறு காட்டியது. சுபாஸ்ரீ கை தட்டினாள். தேவராஜ் நம்பரைப் பார்க்கவே இல்லை, வாசக்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரமே அந்த ஒயரைப் பிடுங்கி எறிந்தார். புதிதாக ஒயர் வாங்கி, பீரோவுக்குப் பின்னால், தரையோரமாகப் பிளாஸ்டிக் பட்டிக்குள் விட்டு, யார் கண்ணுக்கும் தெரியாமல் பின்னறைக்குக் கொண்டுபோனார். முனையில் ப்ளக்கையும் அவரே பொருத்தினார். நெட் ஒயருக்குள் எட்டுக் கம்பி இருக்கும். தேவராஜ் நான்கை மட்டும் ப்ளக்கில் ஏற்றிவிட்டு, மற்ற நான்கையும் ஒட்ட மடக்கி டேப் சுற்றி ஒதுக்கி வைத்தார். டிபார்ட்மெண்டில் பழகிய பழக்கம் அது. எந்தக் கேபிளிலும் எல்லாக் கம்பியையும் ஓட்டிவிடக் கூடாது, ஒரு நாள் ஒன்று அறுந்தால் மாற்ற மிச்சம் வேண்டும். ஒர்க்‌ஷாப்புக்கு முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வந்த காலத்தில் நான்கு கம்பியில்தான் அவர் லைன் கொடுத்தார், அழகாக ஓடியது. டெஸ்டரை மாட்டியதும் நான்கு விளக்கு எரிந்தது, போதாதா?

நெட் வந்தது. வேலை நடந்தது. யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

தெரியவைத்தது சுபாஸ்ரீயின் ஆபீஸ். படங்கள் மெதுவாகப் போகின்றன என்று எங்கிருந்தோ புகார் வந்ததாம். வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் அடுத்த வெள்ளிக்கிழமை வேகத்தை அளந்து அனுப்ப வேண்டும். ஒயர் மூலம் இருநூறாவது வராதவர்கள் ஒன்றாம் தேதியிலிருந்து ஆபீஸுக்கு வந்து உட்கார வேண்டும் என்று மெயில் போட்டார்கள். அன்று சுபாஸ்ரீ அளந்து பார்த்தால் தொண்ணூற்று நான்கு.

அன்றைக்குச் சாப்பிடும்போது சுனில் மெதுவாக வாயைத் திறந்தான்.

“கொண்டாப்பூர்ல ஒரு ஃப்ளாட் இருக்குதாம்பா. எங்க ஃபோர்மேன் மச்சானோடது. போன வாரம் சும்மா பாத்துட்டு வந்தோம்.”

“சும்மா பாக்கறதுக்கு அவ்ளோ தூரம் கைக்கு போவணும்?” என்றாள் காஞ்சனா.

“இவ டெய்லி ஆபீஸ் போவணும்னா இங்கிருந்து முடியாதும்மா. எனக்கும் அங்கிருந்து பட்டான்செரு கிட்ட.”

சொல்வதில் தப்பு ஒன்றும் இல்லை. இந்தக் கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர்களை மெட்டுகுடாவில் பிடித்து வைத்திருந்தது சுபாஸ்ரீ வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்ற ஒரே காரணம்தான்.

அவர்கள் போவதில் தேவராஜுக்குத் துளியும் இஷ்டமில்லை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது? அந்தப் பெண் வருவதற்கு முன்னால் சுனில் அப்பாவிடம் பேசியதெல்லாம் ‘சாவி எங்க’, ‘மோட்டார் போட்டாச்சா’ இவ்வளவுதான். அவள் வந்த பிறகுதான் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வேலைக்கு நடுவே அவள் டீ குடிக்க எழுந்து வருகிற நேரத்துக்கு இவர் எங்கிருந்தாலும் வீடு திரும்பிவிடுவார். பழைய லைன்மேன் கதைகளைச் சொன்னால், ஏற்கெனவே கேட்டதாக இருந்தாலும், “அப்புறம் என்னாச்சுங்க மாமா?” என்று கேட்பாள். காஞ்சனா அந்தக் கதைகளைக் கேட்டால் எழுந்து போய்விடுவாள்.

“டென்ஷன் நக்கோம்மா. வெள்ளிக்கெழமைக்குள்ள நான் ஃபால்ட்ட புடிச்சுக் குடுக்கறேன்” என்றார்.

சனிக்கிழமை முழுக்க அதே வேலை. பெட்டியை அணைத்துப் போட்டார். ஒயரைப் பெட்டியில் ஓட்டை மாற்றி ஓட்டை செருகினார். வீட்டில் இருந்த டிவி, போன் எல்லாவற்றையும் நெட்டிலிருந்து கழற்றினார்.

“உன் சீரியல்தான் எல்லாத்தையும் உறிஞ்சுது” என்று காஞ்சனாவின் கையிலிருந்த போனையும் பிடுங்கினார்.

“ஹவ், நான்தான் உறிஞ்சறேன். பெட்டிய தெறந்து பாருங்க, உள்ள நான்தான் உக்காந்துகினு இருப்பேன்!”

போனைப் பிடுங்கியும் தொண்ணூற்று நான்குதான். ஒரு தரம் தொண்ணூற்றைந்து. மறுபடி தொண்ணூற்று நான்கு. அதுதான் அவரை உறுத்தியது. லைன் கெட்டிருந்தால் நம்பர் ஏறி இறங்கித் தள்ளாடும். இது ஆணி அடித்த மாதிரி ஒரே இடத்தில் நின்றது. லைன் மோசமில்லை, எதுவோ ஒன்று நூறுக்கு மேல் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. எது என்று மட்டும் புரியவில்லை. அல்லது புரிந்துகொள்ள மனசு வரவில்லை. தன் கை வைத்த இடத்தை யார்தான் முதலில் சந்தேகப்படுவார்கள்!

ஞாயிற்றுக்கிழமை நெட் கம்பெனியிலிருந்து முகமது யூசுப் வந்தார். அந்த ஏரியாவில் பல வருஷமாக லைன் பார்க்கிறவர், தேவராஜ் மேல் மரியாதை உள்ளவர். தன் லேப்டாப்பை ஹால் பெட்டியிலேயே நேராகச் செருகிப் பார்த்தார். முந்நூறு வந்தது. பின்னறைக்குப் போய் சுபாஸ்ரீயின் டெஸ்க்டாப்பில் எதை எதையோ திறந்து, ஓர் இடத்தைத் தேவராஜுக்குக் காட்டினார்.

“இங்க பாருங்க அங்கிள். இதுல வேகத்த கையால நிறுத்தி வெக்கலாம். பத்து, நூறு, இந்த மாதிரி. இதுல ஆட்டோன்னு இருக்குது, அதனால சரி. கம்ப்யூட்டர் மேல தப்பில்ல.”

தேவராஜ் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். ஆட்டோ என்றுதான் இருந்தது. நாற்காலிக்குப் பின்னால் நின்று சுபாஸ்ரீயும் பார்த்தாள்.

“ஆனா லைன் நூறுலதான் சேருது. எட்டு கம்பியும் ஓடினாதான் ஆயிரத்துல சேரும். நாலு ஓடினா நூறோட நின்னுடும்” என்ற யூசுப், தரையோரப் பட்டியைக் குனிந்து பார்த்தார். “இந்த ஒயர் யாரு போட்டது?”

“நான்தான்” என்றார் தேவராஜ்.

“நீங்க போட்டதா? அப்ப அதுல ஒண்ணும் இருக்காது அங்கிள்” என்று யூசுப் நிமிர்ந்துவிட்டார். பெரியவர் கைவேலையைப் பிரித்துப் பார்ப்பது அவருக்கு மரியாதையாகப் படவில்லை. டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

தேவராஜுக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. நான்கு கம்பி. டேப் சுற்றி ஒதுக்கி வைத்த மிச்சம் நான்கு. மகா புத்திசாலித்தனமாகச் செய்த வேலைதான் வீட்டுக்கு உலை வைத்திருக்கிறது. உடனே சொல்லிவிட்டுக் கழற்றி மாட்டியிருந்தால் அன்று சாயங்காலமே தீர்ந்திருக்கும். ஆனால் மனுஷனுக்கு வாய் வரவில்லை. ஊரான் போட்ட ஒயரையெல்லாம் ‘இது ஒயரா, அருணாக்கயிறா’ என்று கேட்ட வாய் அல்லவா? திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. ஒன்றும் தெரியாதவர் போலப் பெட்டியை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை சாப்பாட்டின்போது, இனி பொறுத்தால் மோசம் என்று தோன்றியது.

“ஃபால்ட் என்னோடதும்மா” என்றார் சுபாஸ்ரீயைப் பார்த்து. “நாலு கம்பிதான் போட்டேன். மிச்சம் இருக்கட்டும்னு விட்டுட்டேன். நான்தான் உன் நெட்ட கெடுத்தது.”

சுனில் வாயில் வைத்த சோற்றோடு சிரித்துவிட்டான். காஞ்சனா விடுவாளா? “ஊருக்கெல்லாம் லைன் போட்டவரு, மருமவளுக்குப் பாதி லைன் போட்டாராம்!” என்று ஆரம்பித்து, ரசம் ஊற்றி முடிக்கிற வரைக்கும் ஓட்டினாள். தேவராஜும் சேர்ந்து சிரித்தார். மூன்று நாள் பாரம் இறங்கிய சிரிப்பு அது. தப்பு தன்னுடையதாக இருந்தால் நல்லதுதானே, தானே சரிசெய்துவிடலாம்.

சுபாஸ்ரீ மட்டும் சிரிக்கவில்லை. “பரவால்லைங்க மாமா. போச்சாது விடுங்க” என்றாள்.

“எப்டிம்மா விடறது? நாளைக்கு நீ ஆபீஸ் மீட்டிங்குக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள எட்டும் ஓடும்.”

“நெசமாலுமே வேண்டாங்க மாமா. கீழ குனிஞ்சு குனிஞ்சு உங்களுக்கு முதுகு புடிச்சுக்கும். விட்டுருங்க.”

என்ன பாசமான பெண் என்று தேவராஜ் நினைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை அவள் கிளம்பிப் போனதும் வேலையைத் தொடங்கினார். இரண்டு முனையையும் வெட்டி, எட்டுக் கம்பியையும் வரிசையாக நீவி, புது ப்ளக்கில் ஏற்றி அழுத்தினார். டெஸ்டரில் எட்டு விளக்கும் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. பின்னறைக்குப் போய் கம்ப்யூட்டரைப் போட்டார். பாஸ்வேர்டை, கம்ப்யூட்டர் கொண்டுவந்த நாளிலேயே சுபாஸ்ரீ சொல்லி வைத்திருந்தாள். ‘உங்களுக்குத் தெரியாம என்னங்க மாமா’ என்று சொன்னவள்.

டெஸ்ட் போட்டார். தொண்ணூற்று நான்கு.

ப்ளக்கைக் கழற்றி மாட்டினார். தொண்ணூற்று நான்கு. ஒயர் சரி, பெட்டி சரி, கம்பெனி லைன் சரி. வேர்த்துவிட்டது. யூசுப்புக்குப் போன் போட்டார். அவர் எங்கேயோ கம்பத்தின் மேல் இருந்தார்.

“எட்டும் எரியுதா? அப்ப ஒண்ணு பண்ணுங்க அங்கிள். அன்னிக்கு நான் காட்டினேனே, வேகத்த நிறுத்தற எடம். அத ஒரு தடவ பாத்துடுங்க.”

யூசுப் வழி சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகத் திறந்தார். அந்த இடம் வந்தது. ஆட்டோ என்று இல்லை. நூறு என்று இருந்தது.

“நூறுன்னு இருக்குது யூசுப் பாய். ஞாயித்துக்கெழம ஆட்டோன்னுதான இருந்துச்சு?”

“ஹவ் அங்கிள், நானும் பாத்தேனே. அது தானா மாறாது. யாரோ கை வெச்சிருக்காங்க. ஆட்டோ போடுங்க, ஓடிடும்” என்று யூசுப் போனை வைத்துவிட்டார்.

தேவராஜ் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். காஞ்சனாவுக்கு அந்த மிஷினை அணைக்கக்கூடத் தெரியாது. சுனில் அதைத் தொட்டால் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதோடு சரி, பார்த்தாலும் போனில்தான். யூசுப் காட்டியபோது பின்னால் நின்று பார்த்தது ஒரே ஆள். நேற்று வரைக்கும் அவளுக்கு இது தேவைப்படவில்லை; ஒயரே அவள் காரியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாளைக்கு எட்டும் ஓடும் என்று இவர் சொன்ன பிறகுதான் தேவைப்பட்டிருக்கிறது.

முதலில் கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது. சுனிலைக் கூப்பிட்டுக் கேட்டுவிடலாம் என்று போனை எடுத்தார். இந்த வீட்டில் உனக்கு என்னம்மா குறை வைத்தோம் என்று அவள் முகத்துக்கு நேராகவே கேட்டுவிடலாம் என்று நினைத்தார். அந்தக் கேள்வியை மனசுக்குள் கேட்டுப் பார்த்தபோதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. வந்த புதிதில் இந்த அறைக் கதவுக்கு உள்ளே ஒரு தாழ்ப்பாள் போட்டுத் தரச் சொன்னாள். ‘நம்ம வீட்டுக்குள்ள தாப்பா கைக்கும்மா?’ என்று சிரித்துவிட்டுப் போனார் இவர். அவள் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போது காஞ்சனா உள்ளே வந்து டிரங்குப் பெட்டியைத் திறப்பாள். இந்த ஒரு வாரமாக இவரே எத்தனை தரம் அவள் மேஜைக்கு அடியில் போய்க் குந்தியிருப்பார்! டீ நேரத்துக் கதைகளையும் நினைத்துப் பார்த்தார். அதற்கு மேல் நினைக்கப் பிடிக்கவில்லை.

தனிக்குடித்தனம் போகிறோம் என்று அவள் நேராகச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? காஞ்சனா ஒரு மாதம் மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பாள். சுனில் இரண்டு பக்கமும் திருதிருவென்று முழித்திருப்பான். இவரும் ஒன்றும் லேசுப்பட்டவர் இல்லை. யாரும் கெட்ட பெயர் வாங்காமல் இந்த வீட்டிலிருந்து வெளியே போக அந்தப் பெண்ணுக்கு ஆபீஸ்காரன் ஒரு வழி காட்டினான், இவர் அதை அடைக்கப் பார்த்தார்.

ஆட்டோ போட்டார். திரை ஒரு கணம் நெட் இல்லை என்றது, உடனே வந்தது. டெஸ்ட் போட்டார். முள் நூறைத் தாண்டி, இருநூறைத் தாண்டி, இருநூற்றுத் தொண்ணூற்றொன்றில் போய் நின்றது. தன் கையால் போட்ட ஒயர். ஒரு நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு அந்த இடத்தை மறுபடி திறந்து, நூறு என்று மாற்றிவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்தார்.

சாயங்காலம் சுபாஸ்ரீ வந்தாள். கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமல் ஹாலிலேயே நின்றாள்.

“என்னாச்சுங்க மாமா? சரியாப் போச்சுங்களா?”

“எட்டு கம்பியும் போட்டுட்டேம்மா. அப்பவும் தொண்ணூத்தி நாலுதான் வருது. ஃபால்ட் கெடைக்கல.”

சமையலறையிலிருந்து காஞ்சனா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். “கெடைக்கலையா? மழைத்தண்ணில முழங்கால் மட்டும் நின்னு மண்ணத் தோண்டி ஃபால்ட் எடுப்பீங்க. வீட்டுக்குள்ள கெடைக்கலையா உங்களுக்கு?”

“கெடைக்கலடி. எவ்ளோ பாத்தாச்சு. வயசாயிடுச்சுல்ல.”

“போச்சாதுங்க மாமா” என்றாள் சுபாஸ்ரீ. பையை இறக்கி நாற்காலியில் வைத்தாள். “உக்காருங்க, நானே டீ போட்டுக் கொண்டாறேன். இஞ்சி தட்டிப் போடட்டுங்களா?”

அவள் குரல் அவ்வளவு லேசாக இருந்து பல மாதம் ஆகியிருந்தது. தேவராஜுக்கு அது நன்றாகக் கேட்டது, வலிக்கவும் செய்தது. போடும்மா என்று தலையாட்டினார்.

டீயைக் குடித்து முடித்து, டம்ளரை வைக்கிற சாக்கில் சமையலறைக்குப் போனார். சுபாஸ்ரீ பின்னறைக்குள் போயிருந்தாள்.

“காஞ்சனா, அந்தக் காலண்டர எடுத்து ஒரு நல்ல நாள் பாரு. கொண்டாப்பூர் வீட்டுல பால் காய்ச்சணும்.”

“என்ன அவசரம்? டெஸ்ட்டு நாளைக்குத்தான?” என்றாள் காஞ்சனா.

“பாருன்னா பாரேன்” என்றார் தேவராஜ்.